துறைமுகத்துக்குப் பவர் உண்டா?

ஜூன் 8, ஞாயிறு

பாளையங்கோட்டைக் குடிநீர்க் குழாய்களின் முன்னாள் சக்கரவர்த்தியும் (அரசாங்கப் பதிவேட்டில் 'ஃபிட்டர், இரண்டாம் நிலை' என்று அடக்கமாகக் குறித்திருக்கிறார்கள்), ஏழு வார்டு மக்களின் தாகம் தீர்த்தவனுமாகிய ஆவுடையப்பன் என்கிற நான், இன்று முதல் என் சரித்திரத்தை எழுதத் துணிந்தேன்.

நோட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. தினமும் எடை எவ்வளவு, காய்ச்சல் எவ்வளவு, வாந்தி எத்தனை தடவை என்று குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாந்தியை எண்ணிச் சரித்திரம் எழுதிய மன்னன் எவனாவது உண்டா? செண்பகாவிடம் கேட்டேன். "நீங்க மொதல்ல எடையப் பாருங்க மாமா" என்றாள்.

செண்பகா என் அக்காள் மகள். ஆர்.டி.ஓ. ஆபீசில் லைசன்ஸ் பிரிவில் இருக்கிறாள். அக்காள் போன பிறகு இந்த வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். நான் ராஜா, அவள் பிரஜை. நடைமுறையில் சிறிய மாற்றங்கள் உண்டு.

எடை 58.900. காய்ச்சல் இல்லை. வாந்தி ஒன்று. ஆனால் அது வாந்தி அல்ல, அவள் செய்த ஓட்ஸ் உப்புமா பற்றிய என் கருத்து.

நோயைப் பற்றியும் சரித்திரத்தில் இருக்க வேண்டும் அல்லவா? பெருங்குடலில் ஒரு வில்லங்கம் முளைத்தது. போன வருஷம் வெட்டி எறிந்தார்கள். அது போகிற போக்கில் என் கல்லீரலில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போயிற்று. எட்டு தடவை கீமோ ஏற்றியாயிற்று. வருகிற பதினாறாம் தேதி ஸ்கேன். பொட்டு சுருங்கியிருக்கிறதா, வேறெங்கும் இருக்கிறதா என்று தெளிவாகத் தெரிந்தால் டாக்டர் வெட்டி எடுப்பார். தெரியாவிட்டால் கத்தியைத் தொட மாட்டார். வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் நாகரிகமானவர்கள்.

கடைசியாக ஒரு முக்கியமான செய்தி. என் வலது தோள் எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு மேடு இருக்கிறது. அதிலிருந்து ஒரு குழாய் கழுத்து வழியாகப் போய் இதயத்தின் வாசலில் நிற்கிறது. கீமோ மருந்தை அதில்தான் ஏற்றினார்கள். அதற்குப் பெயர் போர்ட். அதாவது துறைமுகம். தூத்துக்குடிக்குப் பிறகு தென்பாண்டிச் சீமையில் கட்டப்பட்ட ஒரே துறைமுகம் என் நெஞ்சில்தான் இருக்கிறது. கப்பல்தான் இன்னும் வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஸ்கேன் சென்டரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். முன்பதிவுக்காகச் சில கேள்விகளாம். ஒரு சக்கரவர்த்தியை இப்படிக் குறுக்கு விசாரணை செய்வது முறையா? இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன்.

"மருந்து எதுவும் ஒத்துக்காமப் போயிருக்கா சார்?"

"ஓட்ஸ்."

"சுகர் இருக்கா? கிட்னி பிரச்சனை?"

"இல்லம்மா. கிட்னி ரெண்டும் வைரக்கல்லு."

"போர்ட் வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன்."

"பவர் இருக்கா?"

"இருக்கும்மா. பத்து வருஷமா இருக்கு."

"பத்து வருஷமாவா?"

"இடது ரெண்டே கால், வலது ஒண்ணே முக்கால். போன மாசம்கூட ஏறியிருக்கான்னு பாத்தேன், ஏறல."

அவளுக்குப் பின்னால் நாலைந்து போன்கள் அடிப்பது கேட்டது. "சரி சார், பவர் உண்டுன்னு போட்டுக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

வயிற்றைப் படம் பிடிப்பதற்கு என் மூக்குக்கண்ணாடியின் பவர் எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை. விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது.

ஜூன் 11, புதன்

எடை 58.700. வாந்தி இல்லை. குற்றாலத்தில் சாரல் என்கிறார்கள். இங்கே கொசு.

ஜூன் 12, வியாழன்

ஸ்கேனுக்கு முன்னால் ரத்தம் பார்க்க வேண்டும் என்று லேபுக்கு அழைத்துப்போனாள் செண்பகா. போர்ட்டிலிருந்து எடுங்கள் என்றேன். அதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், நாங்கள் கையில்தான் எடுப்போம் என்றார்கள்.

என் கை நரம்புகள் கீமோவுக்குப் பிறகு தலைமறைவாகிவிட்டன. ரத்தம் எடுக்க வந்த பிள்ளை கயிற்றைக் கட்டித் தட்டினாள், தடவினாள், வெந்நீர் ஒற்றடம் கொடுத்தாள். முதல் குத்தில் இல்லை. இரண்டில் இல்லை. ஆறாவது குத்தில் வந்தது. அறுநூறு குத்து என்றே எழுதலாம். ஆனால் செண்பகா இந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் உள்ளவள்.

நாலாவது குத்தின்போது லேப் தரையின் தரத்தைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. முப்பத்தொரு வருஷம் தரைக்கு அடியில் வேலை பார்த்தவன், தரையை அருகில் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? படுத்தபடியே பார்த்தேன். நல்ல டைல்ஸ். கண்ணைத் திறந்தபோது என் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செண்பகா நின்றாள். அவள் முகத்தில் தண்ணீர். எனக்குத் தெளித்தது அவள்மேலும் பட்டிருக்கும்.

ஜூன் 16, திங்கள்

திருவிழா நாள். விடிந்ததிலிருந்து பட்டினி. வெள்ளை வேட்டி கட்டிப் பட்டத்து யானை போலக் கிளம்பினேன். ஆட்டோவில்.

ஸ்கேன் எடுப்பவர் பெயர் ஜெபசிங். முப்பத்தைந்து வயது இருக்கும், நாசரேத்துக்காரர். ஒரு சீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்குப் பவர் போர்ட்னு போட்டிருக்கு. கார்டு இருக்கா?"

"கண்ணாடிக் கார்டா தம்பி? அது வீட்ல கெடக்கு."

அவர் சீட்டைப் பார்த்தார். என் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு செண்பகாவைப் பார்த்தார். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். ஐந்து நிமிஷம் அந்த இடமே சிரித்தது. வரிசையில் பட்டினியாக உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் சிரித்துச் சிரித்து இருமலில் போய் முடித்தார்.

பிறகு ஜெபசிங் விளக்கினார். நல்ல மனிதர். ஸ்கேனில் கல்லீரல் தெளிவாக விழ வேண்டும் என்றால் கான்ட்ராஸ்ட் என்ற மருந்தை ஒரு மிஷின் நொடிக்கு நாலு மில்லி என்று தள்ளுமாம். அந்த வேகத்துக்கு ஏற்ற கணக்கில் மிஷின் படம் எடுக்கும். கைநரம்பில் பெரிய ஊசி போட்டால் தாங்கும். போர்ட் என்றால் எல்லாப் போர்ட்டும் தாங்காது. அந்த அழுத்தத்தைத் தாங்கும்படி செய்தவற்றுக்குத்தான் பவர் போர்ட் என்று பெயர். அதற்குத் தனி ஊசிகூட உண்டாம்.

"தாங்காததுல போட்டா?"

"உள்ள குழாய் வெடிச்சிரும் அண்ணாச்சி. இல்ல, மேடு வேற குழாய் வேறன்னு கழண்டு, அந்தத் துண்டு நேரா இதயத்துக்குள்ள போயிரும்."

"கையால மெள்ளத் தள்ளுனா?"

"தள்ளலாம். படம் மங்கும். கல்லீரல்ல சின்னதா ஏதும் இருந்தா தெரியாது. நீங்க வந்ததே அதுக்குத்தான?"

பிறருக்கு இது விளங்க நேரமாகலாம். எனக்கு ஆகவில்லை. பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் ஓஸை ஏழரை எச்.பி. மோட்டாரில் மாட்டச் சொல்லி ஒரு ஓவர்சியர் என்னிடம் வாதாடியிருக்கிறார். ஓஸ் என்ன ஆயிற்று என்பதைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசியதே இல்லை.

"ஒங்களோடது என்ன போர்ட்டுன்னு ஞாபகம் இருக்கா?" என்றார் ஜெபசிங். "தெரியலன்னா விடுங்க. கைலயே போட்டுருவோம்." ஒரு தட்டை எடுத்தார். அதில் பச்சைக் கொண்டையோடு ஒரு ஊசி கிடந்தது. ஊசி என்கிறேன். நாங்கள் முக்கால் இஞ்ச் பைப் என்போம்.

எனக்குத் திடீரென்று நினைவு வந்தது. "பவர்தான் தம்பி. வச்ச டாக்டரே சொன்னாரு. நல்லா ஞாபகம் இருக்கு."

செண்பகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எப்ப சொன்னாரு?"

"நீ மாத்திர வாங்கப் போயிருந்த."

"அப்ப போர்ட் வச்சப்ப கொடுத்த கார்டக் கொண்டாந்துருங்க" என்றார் ஜெபசிங். "பாக்காம நான் போட மாட்டேன்." பத்தொன்பதாம் தேதிக்கு மாற்றிக் கொடுத்தார். பட்டினியை முறித்தேன். ஆறு இட்லி. ஆறு என்பது சரியான எண்ணிக்கை.

ஜூன் 17, செவ்வாய்

செண்பகா ஆபீஸ் போன பிறகு கார்டைத் தேடினேன். பீரோவில் இல்லை. சாமி படத்துக்குப் பின்னால் இல்லை. ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தது.

சின்ன அட்டை. ஒரு பக்கம் கம்பெனிப் பெயரும் எண்களும் ஒட்டியிருக்கிறது. மறு பக்கம் ஆஸ்பத்திரியில் நிரப்ப வேண்டியது. என் பெயர் எழுதியிருக்கிறார்கள், அதிலும் ஒரு எழுத்துப் பிழை. தேதி இருக்கிறது. எந்தப் பக்கம் என்பதில் வலது என்று குறி போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே பவர் உண்டா இல்லையா என்று இரண்டு கட்டம். இரண்டும் காலி.

இப்படியா பொறுப்பில்லாமல் இருப்பார்கள்? ஒரு அரசாங்க ஊழியனாக இருந்தவன் நான். காலிக் கட்டத்தைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். ஆகவே அவர்கள் விட்ட வேலையை முடித்துக் கொடுத்தேன். உண்டு என்ற கட்டத்தில். பெயரில் இருந்த எழுத்துப் பிழையையும் கூடவே திருத்தினேன். ஒரு வேலையைச் செய்தால் முழுதாகச் செய்ய வேண்டும்.

எப்படியும் பவராகத்தான் இருக்கும். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் போய் மட்டமான சாமானையா வைப்பார்கள்?

ஜூன் 18, புதன்

மனம் மிகத் தெளிவாக இருக்கிறது. மதியம் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை, அவ்வளவுதான். எடை 58.100.

ஜூன் 19, வியாழன்

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். கொஞ்சம் பளபளப்பு ஏற்றுவது என் பிறப்புரிமை.

கார்டை ஜெபசிங்கிடம் கொடுத்தேன். பார்த்தார், தலையாட்டினார், பையில் வைத்தார். அந்தத் தலையாட்டலில் எனக்கு ஒரு பட்டாபிஷேகமே முடிந்தது. நர்ஸ் பிளஸ்ஸி வந்து போர்ட்டில் ஊசியை ஏற்றினாள். அதில் வலியே இல்லை. ரத்தம் திரும்பி வருகிறதா என்று இழுத்துப் பார்த்து, உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். மிஷினுக்குள் படுக்க வைத்தார்கள். என் தலைமாட்டில் அந்த மருந்து தள்ளுகிற எந்திரம். இரண்டு பெரிய சிரிஞ்சுகளோடு இரட்டைக் குழல் பீரங்கி மாதிரி நின்றது. அதிலிருந்து குழாயை என் நெஞ்சுக்குக் கொண்டுவந்தாள் பிளஸ்ஸி.

"இப்ப மாட்டாதீங்க. மொதல்ல ஒரு மேலோட்டப் படம் எடுத்துக்கிடுவோம்" என்றார் ஜெபசிங்.

எல்லோரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார்கள். கட்டில் உள்ளே போயிற்று, வெளியே வந்தது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நான் மல்லாந்து கிடந்து ஏழரை எச்.பி. மோட்டாரைப் பற்றி நினைக்காமல் இருக்கிற முயற்சியில் இருந்தேன். அந்த முயற்சி படுதோல்வி.

கதவைத் திறந்துகொண்டு ஜெபசிங் வந்தார். கையில் கார்டு. பின்னால் ஸ்கேன் டாக்டர் ஹமீதா. அவருக்கும் பின்னால், வரக்கூடாத இடத்துக்குள் செண்பகா.

"அண்ணாச்சி, பவர் போர்ட்னா எக்ஸ்ரேல அதும்மேல சி, டின்னு ரெண்டு எழுத்து தெரியும். அதுக்குன்னே உள்ள பதிச்சிருப்பான். ஒங்க படத்துல ஒண்ணுமில்ல. வெறும் வட்டம். கம்பெனி நம்பரையும் போன்ல தட்டிப் பாத்தேன். இது சாதா."

"கார்டுல போட்டிருக்குல்லா?" என்றேன்.

செண்பகா கார்டை வாங்கிப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அவள் ஆபீசில் அப்படித்தான் பார்ப்பாள்.

"டாக்டர் கறுப்பு மையில எழுதியிருக்காவ. இந்த டிக் மார்க் நீலம். நம்ம டிவி பக்கத்துல கெடக்கே, அந்தப் பேனா." பேரைப் பார்த்தாள். "ஆவுடையப்பன்ல 'ட'கரத்தக்கூடத் திருத்தி வச்சிருக்கிய. தெனம் நாப்பது பேரு திருத்துன பேப்பரக் கொண்டாந்து என்ன ஏமாத்தப் பாக்கான். அத்தன பேரையும் பிடிக்கேன். எங்க வீட்லயேவா மாமா?"

"ஏட்டி, அது ஒரு எழுத்துப் பிழை…"

"பேசாதிய."

பேசவில்லை. அறுபத்து மூன்று வருஷத்தில் இது முதல் தடவை.

டாக்டர் ஹமீதா என் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எதுக்குங்கய்யா இப்டி செஞ்சீங்க? வெடிச்சிருந்தா?"

அதற்கு நான் ஆயிரம் பதில் வைத்திருந்தேன். சட்டைக் கையை மடித்து அவரிடம் நீட்டினேன். லேபில் குத்திய இடமெல்லாம் இன்னும் நீலமாக, பச்சையாக, நாவல்பழம் அப்பிய மாதிரி இருந்தது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்குத்தானா? மொதல்லயே சொல்லியிருந்தா நரம்பத் தேடவே வேண்டாமே. ஸ்கேன் வச்சுப் பாத்தே போட்டிருக்கலாம். ஜெபசிங், அந்த மிஷின எடுங்க."

வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற மிஷினாம். அதை என் புஜத்தில் வைத்து உருட்டினார். திரையில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. தலைமறைவாகியிருந்த குற்றவாளி ஆழத்தில் சுகமாகப் படுத்திருந்தான். டாக்டரே ஊசியை எடுத்தார். பச்சைக் கொண்டை.

"அந்தப் பக்கம் பாருங்க" என்றார். அந்தப் பக்கம் செண்பகா நின்றாள். கோபத்தில் கை கட்டி நின்றவள், கட்டை அவிழ்த்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். கோபத்துக்கும் ஒரு கௌரவம் இருக்கிறது.

ஒரே குத்து. நான் எழுப்பிய ஒலியைச் சங்கநாதம் என்று சரித்திரம் சொல்லும். வெளியே காத்திருந்தவர்களில் இருவர் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பிளஸ்ஸி சொன்னாள்.

அதன் பிறகு பீரங்கி வேலை செய்தது. தொண்டையில் ஒரு சூடு. அது நெஞ்சுக்கு இறங்கி, அடிவயிற்றுக்கு வந்து, வேட்டி நனைந்துவிட்டது என்று சத்தியம் செய்கிற அளவுக்கு ஒரு வெதுவெதுப்பு. நனையவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றுமாம். நான் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

ஜூன் 20, வெள்ளி

செண்பகா பேசவில்லை. ரசத்தில் உப்பு இல்லை. கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை. எடை 58.000.

ஜூன் 21, சனி

காலையில் செடிக்குத் தண்ணீர் விட்டேன். பத்து மணிக்குச் செண்பகா இந்த நோட்டை எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். பதினேழாம் தேதிப் பக்கம் விரித்திருந்தது.

"கை அரிச்சுதா?"

"கொஞ்சம்."

"தரையப் பரிசோதிச்சியளா? என் முகத்துல தண்ணி பட்டிருக்குமா?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே துடைத்ததுதான்.

"மாமா, எனக்கு ஒண்ணுதான் கேக்கணும். ஒங்களுக்குப் பயம்னு ஒரு வார்த்த. எங்கிட்டச் சொன்னா என்ன கொறஞ்சிருவிய?"

"நான் பயந்தா நீயும் பயப்படுவல்லா."

"நான் பயப்படாம இருக்கேன்னு யாரு ஒங்களுக்குச் சொன்னா?"

நல்ல கேள்வி. என் சரித்திரத்தில் இதற்கு ஒரு பக்கமும் ஒதுக்கவில்லை. வாசலில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார்.

"அது வெடிக்கும்னு தெரிஞ்சேதான டிக்குப் போட்டிய?" என்றாள். "ஒரு ஊசிக்காக."

"வெடிக்காதுன்னு நெனச்சேன்."

"நெனச்சியளா, வேண்டிக்கிட்டியளா?"

நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். மதியம் ரசத்தில் உப்பு இருந்தது. கொஞ்சம் கூடவே இருந்தது. ஒரு சொல் சொல்லாமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஆபரேஷன் டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். என் கல்லீரலை முதல் தடவையாகப் பார்த்தேன். கம்பீரமாகத்தான் இருந்தது.

"இது பழசு. சுருங்கியிருக்கு, ரெண்டு சென்டிமீட்டர். நல்ல சேதி." பேனாவை வேறு பக்கம் நகர்த்தினார். "இது புதுசு. முன்னால இருந்த படத்துல தெரியல. எட்டு மில்லிமீட்டர். இந்தப் படம் இவ்வளவு தெளிவா இல்லன்னா இதுவும் தப்பியிருக்கும். பெரியத மட்டும் எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஆறு மாசத்துல திரும்ப வந்திருப்பீங்க."

செண்பகா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். "இப்ப?"

"ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்கு. சேத்து எடுத்துரலாம். ஜூலை மூணு. சின்ன ஆபரேஷன் இல்ல. ஆனா எடுக்க முடியும்."

வெளியே வந்து பஸ் ஏறினோம். சமாதானபுரம் தாண்டும்போது களக்காட்டிலிருந்து என் அத்தை மகன் பிச்சுமணி அத்தான் போன். என் அளப்புகளை வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகியவர். செண்பகா ஸ்பீக்கரில் போட்டு என் வாய்ப் பக்கம் பிடித்தாள். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிச்சுமணி அத்தான் குரல் அப்படி.

"என்னவே ஆவுடையப்பா, டாக்டர் என்ன சொன்னாரு?"

"ரெண்டு இருக்காம் அத்தான். ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர், இன்னொண்ணு எட்டு மில்லி. மூணாந்தேதி எடுக்காவ."

அத்தான் மீதிக் கதைக்காகக் காத்திருந்தார்.

"அப்பொறம்?"

"அப்பொறம் ஒண்ணுமில்ல அத்தான். ரெண்டுதான்."

பிறகு அவர் குரல் தாழ்ந்தது. பஸ் முழுக்கக் கேட்கிற தாழ்வு.

"ஏட்டி செண்பகா, பக்கத்துல இருக்கியா? ஒங்க மாமாவுக்கு ஒடம்புக்கு ஏதும் சரியில்லயா?"